போனால் என்ன?

சென்ற மாதம் ஒரு நண்பர் வீட்டில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். நண்பரின் மனைவி மட்டும் பேச்சில் அவ்வளவாகக் கலந்துகொள்ளாமல் ஏதோ யோசனையாகவே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் எல்லோருமாக வடக்கே ஒரு யாத்திரை போவதாக இருக்கிறோம். டிக்கெட்டெல்லாம் வாங்கியாகிவிட்டது. இப்போது என்னடாவென்றால், போகிற பக்கத்தில் ஏதோ விஷக் காய்ச்சல் பரவுகிறதென்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகலாமா, வேண்டாமா?"

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவர் முந்திக்கொண்டார்.

"ஐயையோ, இவரைப் போய்க் கேட்காதீர்கள்! 2020-ம் வருஷம் சொந்த அக்காள் மகள் கல்யாணத்துக்கே போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சூரர் இவர். போனால் என்ன? வருவது ரயிலில் போனாலும் வரும். திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் வரும். சந்தோஷமாகப் போய்விட்டு வாருங்கள்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் சிரிக்கிற இடத்தில் தான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது நாகரிகமல்ல. ஆனால் வீடு திரும்புகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என் கூடவே நடந்து வந்தது. 'போனால் என்ன?' என்ற அந்த இரண்டு வார்த்தைகளுக்கு ஒரு பதில் சொல்லாமல் இனித் தூங்க முடியாது என்று தோன்றிற்று. அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கல்யாணக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மீது வழக்குத் தொடுத்திருப்பவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் அக்காளை மதுரைக்குப் பக்கத்தில் கொடுத்திருக்கிறது. அவளுடைய மூத்த பெண்ணுக்கு 2020-ம் வருஷம் மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில் கல்யாணம். நான் ஒரே தாய்மாமன். தாய்மாமன் என்றால் என்னவென்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சீர்த் தட்டோடு முன்னால் நடந்து, பெண்ணுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வர வேண்டியவன். மாப்பிள்ளை வரத் தாமதமானால்கூடப் பொறுப்பார்கள். தாய்மாமன் வராமல் இருந்தால் பொறுக்க மாட்டார்கள்.

பட்டுப் புடவை எடுத்தாகிவிட்டது. பாண்டியன் எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கு இடம் பதிவு செய்தாகிவிட்டது. புறப்பட நாலு நாள் இருக்கும்போது, எங்கள் மாடி வீட்டுப் பையனின் உடம்புக்கு ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கி ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. வந்த மறுநாளே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, என்னோடு ஒரு மணி நேரம் பேசி, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனவன் அவன்.

அப்போது தமிழ்நாட்டில் அந்த நோய் கண்டிருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மார்ச் 7-ம் தேதிதான் முதல் நோயாளியைப் பற்றிச் செய்தி வந்திருந்தது. பஸ் ஓடிற்று, ரயில் ஓடிற்று. மாடி வீட்டுப் பையனுக்கு வந்திருப்பது வெறும் ஜலதோஷமாகவே இருக்கலாம். எனக்கோ தும்மல்கூட இல்லை. ஆனால் நோய் தொத்தினவனுக்கு அது வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகலாம், பதினாலு நாள் வரைகூட ஆகலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அக்காள் வீட்டில் அத்தானின் தாயாருக்கு 82 வயது. அத்தானுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. நான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு நாட்களை எண்ணினேன். கல்யாண நாள் அந்தப் பதினாலுக்கு உள்ளேதான் விழுந்தது.

அக்காளுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "ஏண்டா தம்பி, தாய்மாமன் இல்லாம எம் பொண்ணு மணையில உக்காரணுமா?" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

எங்கள் சித்தப்பா மகன் என் இடத்தில் நின்று மாலை போட்டான். கல்யாணம் சிறப்பாக நடந்தது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை! கல்யாணத்துக்குப் போன யாருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. மாடி வீட்டுப் பையன் மூன்றாம் நாள் எழுந்து நடமாடினான். எனக்கும் ஒன்றும் வரவில்லை. அத்தானின் தாயார் இன்றைக்கும் கண்ணாடி போடாமல் அரிசியில் கல் பொறுக்குகிறார். அக்காள் மூன்று வருஷம் என்னோடு பேசவில்லை. கல்யாண ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்த மாலை போடுகிற படம் வந்ததும், ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறாள்.

இதுதான் என் மீதுள்ள வழக்கு. 'போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே நீ போகாதது தப்பு' என்பது வாதிகளின் கட்சி.

நான் திருப்பிக் கேட்கிறேன். ராத்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு படுக்கிறோம். விடிந்து பார்த்தால் திருடன் வரவில்லை. 'அடடா, பூட்டினது வீண். நேற்று நாம் கோழைகள் ஆகிவிட்டோம்' என்று எவராவது வருத்தப்படுகிறார்களா? ஒரு தீர்மானம் சரியா, தப்பா என்பதை, தீர்மானம் செய்த நேரத்தில் நம் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பிறகு நடந்ததை வைத்து அல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டினவன் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தான் என்பதனால், அவன் செய்தது புத்திசாலித்தனம் ஆகிவிடாது. நல்ல காரியத்துக்கு நல்ல பலனும், கெட்ட காரியத்துக்குக் கெட்ட பலனும் அன்றைக்கே கைமேல் கிடைத்துவிடுகிற உலகமாக இருந்தால், எங்களைப் போன்றவர்கள் கதை எழுத வேண்டிய அவசியமே இருக்காது.

அடுத்த கட்சி, விதிக் கட்சி. 'தலையில் எழுதினது எங்கே இருந்தாலும் வரும்.' இந்த வேதாந்தத்தைப் பேசுகிறவர்களை நான் கூர்ந்து கவனித்திருக்கிறேன். சாலையைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கிறார்கள். மின்சார விளக்கைத் தொடுவதற்கு முன் ஈரக் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். தங்கள் உயிர் போகிற இடத்தில் ஜாக்கிரதை, பிறர் உயிர் போகிற இடத்தில் வேதாந்தம். நான் சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: தொத்து நோய்க் காலத்தில் என் தலையெழுத்தை நான் மட்டுமா சுமந்துகொண்டு போகிறேன்? நான் போகிற வீட்டுக் கிழவியின் தலையெழுத்தையும் அல்லவா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறேன்?

இங்கேதான் இந்தச் சூரர்கள் எல்லோரும் தவறு செய்கிறார்கள். தொத்து நோய்க் காலத்துப் பிரயாணத்தை அவர்கள் தைரியத்துக்கு ஒரு பரீட்சையாக நினைக்கிறார்கள். 'எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் பரவாயில்லை' என்று மார்பைத் தட்டுகிறார்கள். மலை ஏறுகிறவன் இப்படிச் சொல்லட்டும். கடலில் நீந்துகிறவன் சொல்லட்டும். வழுக்கினால் விழுகிறவன் அவன்தான். ஆனால் நோயைத் தூக்கிக்கொண்டு போகிறவன் பெரும்பாலும் விழுவதில்லை. அவன் கொண்டு போய்க் கொடுத்தவன் விழுகிறான். இன்னொருவர் உயிரைப் பணயம் வைத்துக் காட்டுகிற தைரியத்துக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. அதை நான் இங்கே எழுத வேண்டாம்.

சரித்திரத்திலிருந்து ஒரு சம்பவம் சொல்கிறேன். பசிபிக் சமுத்திரத்தில் சமோவா என்று சில தீவுகள். மேற்குப் பகுதி அப்போது நியூஜீலந்தின் நிர்வாகத்தில் இருந்தது. கிழக்குப் பகுதி அமெரிக்காவின் வசம். இரண்டிலும் ஒரே ஜனங்கள், ஒரே பாஷை, கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள். 1918-ம் வருஷம் நவம்பர் 7-ம் தேதி, ஆக்லாந்திலிருந்து வந்த டலூன் என்ற கப்பல் மேற்குச் சமோவாவின் அபியா துறைமுகத்தில் வந்து நின்றது. கப்பலில் விஷ ஜுரக்காரர்கள் இருந்தார்கள். வழியில் பிஜித் தீவில் அந்தக் கப்பலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் அபியாவில் எல்லோரையும் இறங்கவிட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தத் தீவுகளில் ஐந்து பேருக்கு ஒருவர் வீதம், சுமார் 8,500 பேர் இறந்துபோனார்கள்.

கிழக்கே அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த போயர் என்பவர் கவர்னராக இருந்தார். அவர் செய்தியைக் கேட்டதும் துறைமுகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, வருகிற கப்பல்களை ஒதுக்கி நிறுத்திவைத்தார். அங்கே அந்த ஜுரத்தால் இறந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! 2002-ம் வருஷம் நியூஜீலந்துப் பிரதம மந்திரி ஹெலன் கிளார்க், அந்தத் தவறுக்காகச் சமோவா ஜனங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க 84 வருஷம் ஆயிற்று. கப்பலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருந்தால் தீர்ந்திருக்கும்.

அதே 1918-ல் அதே ஜுரம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, ரயிலேறி, இந்தியா முழுவதும் சுற்றுப்பிரயாணம் செய்தது. ஒரு கோடிக்கும் அதிகமானவர்களை அது கொண்டுபோயிற்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கிருமிக்குக் கால் கிடையாது. அது நடந்து எந்த ஊருக்கும் போகவில்லை. 'போனால் என்ன?' என்று சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அதற்குக் கால் கொடுத்தார்கள்.

'அதெல்லாம் சரி. சர்க்காரே தடை போடவில்லையே, நீர் யார் தடை போட?' என்பது மூன்றாவது கட்சி. அத்தான் என்னிடம் பிற்பாடு கேட்ட கேள்வியும் இதுதான். சர்க்காரின் தடை என்பது எப்போதும் நோய்க்குப் பின்னால் வருவது. 2020-ம் வருஷம் ஜனவரி 23-ம் தேதி சீனாவில் வூஹான் நகரத்தை மூடினார்கள். அவர்களுடைய புது வருஷப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு அது. மூடுவதற்குள் சுமார் 50 லட்சம் பேர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்று அந்த நகரத்து மேயரே சொன்னார். அவர்களையும் அதுவரை யாரும் தடுக்கவில்லை. நம் நாட்டில் 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இரண்டாவது அலை எழும்பி வருகிற நேரத்தில், ஹரித்வாரில் கும்பமேளா நடந்தது. லட்சக்கணக்கானவர்கள் கங்கையில் முழுகினார்கள். தடை இல்லை. கூட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்படி வேண்டுகோள் வந்தது பெரிய முழுக்குகள் முடிந்த பிறகு.

தடை இல்லாததெல்லாம் தர்மம் ஆகிவிடுமா? பசித்து வந்தவனுக்குச் சோறு போடாமல் இருப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வயதான தாயாரை ஒரு வருஷம் போய்ப் பார்க்காமல் இருப்பதற்குத் தடை இல்லை. சட்டம் என்பது மிகவும் மோசமானவனுக்காகப் போட்ட வேலி. அந்த வேலியை ஒட்டியேதான் நடப்பேன் என்று ஒரு நல்ல மனுஷன் அடம் பிடிப்பானேன்?

இந்த ஞானத்தை நாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை. எங்கள் பாட்டி வீட்டுக் கிராமத்தில் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், திருவிழா முடிகிற வரையில் ஊர்க்காரர்கள் வெளியூர் போய் ராத் தங்கக் கூடாது. எப்பேர்ப்பட்ட அவசரமானாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். வீட்டில் அம்மை கண்டுவிட்டாலோ, வாசலில் வேப்பிலை தொங்கும். அந்த வேப்பிலையைப் பார்த்ததும் விருந்தாளி திரும்பிப் போய்விடுவான். யாரும் அவனைக் கோழை என்று சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டுக்காரனும் நல்லது பொல்லாததற்கு வெளியே போக மாட்டான். யாரும் அவனை மரியாதை கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். இவற்றின் ஆதி காரணம் பக்தியா, பெரியவர்களின் அனுபவமா என்று தீர்ப்புச் சொல்ல நான் சாஸ்திரி அல்ல, டாக்டரும் அல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனால் ஒன்று தெரிகிறது. போகாமல் இருப்பதை அவமரியாதை என்று எண்ணாமல், அதையும் ஒரு மரியாதையாக மதிக்கிற இடம் நம்முடைய வழக்கத்தில் இருந்தது. இந்தியாவில் பெரியம்மை 1975-ம் வருஷத்தோடு ஒழிந்தது, நல்ல காலம். ஆனால் அதோடு வேப்பிலையின் அர்த்தமும் மறந்துபோயிற்று. இப்போது வேப்பிலையை வெறும் தோரணம் என்று நினைக்கிறோம்.

நான்காவதாக ஒரு கட்சி உண்டு. அதை வாய்விட்டு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மற்ற மூன்றையும்விடப் பலம் வாய்ந்தது. 'கொடுத்த பணம் போய்விடுமே!' கல்யாண மண்டபத்துக்கு முன்பணம், சமையல்காரருக்கு முன்பணம், டிக்கெட், தங்குகிற இடம். இதில் நான் நடுத்தரக் குடும்பத்தைக் குற்றம் சொல்லத் தயாராக இல்லை. ஒரு யாத்திரைக்காக அவர்கள் வருஷம் முழுதும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்திருப்பார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். கொடுத்த பணம், போனாலும் போனதுதான், போகாவிட்டாலும் போனதுதான். போன பணத்துக்காக இன்னொன்றையும் போக்கிக்கொள்ள வேண்டுமா என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. குற்றம் சொல்ல வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள். எனக்கு வேண்டிய ஒரு குடும்பம் சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஒரு கம்பெனியிடம் போய், 'காய்ச்சல் காலமாக இருக்கிறது, தேதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்' என்று கெஞ்சிற்று. 'வண்டி ஓடுகிறது; வராதது உங்கள் இஷ்டம்' என்று பதில் வந்தது. பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நோயாளியை வண்டியில் ஏறச் சொல்கிற வியாபாரம், நோய்க்குத் தரகு வேலை பார்க்கிற வியாபாரம். தேதியை மாற்றித் தருவதைக் கட்டாயமாக்கச் சட்டம் வந்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன்.

இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. பிரயாணத்தை ரத்து செய்வது எல்லோருக்கும் கிடைக்கிற சௌகரியம் அல்ல. 2020-ம் வருஷம் மார்ச் 25-ம் தேதி நாடு முழுவதும் அடைத்த பிறகு, வேலையும் கூலியும் இழந்து, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான மைல் நடந்தே ஊருக்குப் போனார்களே, அவர்களிடம் போய் 'பிரயாணம் செய்யாதீர்கள்' என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்? அதே மே மாதத்தில் கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவி, அதை மூடியபோது, அங்கே மூட்டை தூக்கினவர்கள் சொந்த ஊர்களுக்குத் திரும்பினார்கள். கடலூர், அரியலூர் என்று பல ஜில்லாக்களில் நோய் பரவிற்று. 'இவர்கள்தான் பரப்பினார்கள்' என்று நம்மவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசினார்கள். படுக்க இடமில்லாதவன் ஊருக்குப் போகாமல் எங்கே போவான்? போகாமல் இருக்கக் கூடியவன் போவதுதான் குற்றம். போய்த்தான் ஆக வேண்டியவனுக்கு வழியில் சோறும், போன இடத்தில் ஒதுங்கியிருக்க ஒரு கூரையும் கொடுப்பது மற்றவர்கள் கடமை. நாம் டிக்கெட்டை ரத்து செய்வதனால் காலியாகிற இடம் அவனுக்குக் கொஞ்சம் மூச்சுவிடும் இடம்.

ஜாக்கிரதை வேறு, பீதி வேறு. ஜாக்கிரதை உள்ளவன் தன்னிடமிருந்து பிறரைக் காப்பாற்றுகிறான். பீதி பிடித்தவன் பிறரிடமிருந்து தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறான். 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சென்னையில், தொற்றினால் இறந்துபோன ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்ததே, அது பீதி. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தின மாதம் 'போனால் என்ன?' என்று சொல்லித் திரிந்தவர்களோ! எனக்கு ஆச்சரியமாக இருக்காது. நேற்று அலட்சியமாக இருந்தவன்தான் இன்றைக்குப் பீதி அடைகிறான்.

இனி, இந்தக் கட்டுரையில் நான் எழுத விரும்பாத பகுதிக்கு வருகிறேன். இதுவரை படித்தவர்கள் என்னை ஒரு யோக்கியன் என்று நினைத்திருந்தால், அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளலாம்.

2021-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசி. தேர்தல் சமயம். தெற்கே ஒரு சிற்றூரில் வாசகர்கள் சிலர் சேர்ந்து என் நாவல் ஒன்றுக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். அழைத்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். பத்து வருஷமாக என் ஒவ்வொரு கதைக்கும் போஸ்ட் கார்டில் அபிப்பிராயம் எழுதி அனுப்பினவர். புறப்படுகிற அன்று காலையில் எனக்குத் தொண்டையில் லேசான கரகரப்பு. 'தூசி' என்று சொல்லிக்கொண்டேன். வீட்டில் என் மனைவி, "போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டாள். "எனக்காக ஒரு மண்டபமே காத்திருக்கிறது, போனால் என்ன?" என்றேன்.

ஆம், அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் அக்காளிடம் அவ்வளவு நியாயம் பேசினவன் நான்தான். அங்கே போக வேண்டியது மாலை போட. இங்கே போக வேண்டியது மாலை வாங்கிக்கொள்ள. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் வீட்டில்தான் ராத் தங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் தானே பரிமாறினார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த மாத முதல் தேதியிலிருந்து தடுப்பூசி போட ஆரம்பித்திருந்தார்கள். "போட்டுக்கொண்டீர்களா, ஐயா?" என்று கேட்டேன். "விழா முடியட்டும் என்று இருக்கிறேன். ஊசி போட்டு ஜுரம் கிரம் வந்துவிட்டால் உங்களைக் கவனிக்க ஆள் இருக்காதே!" என்று சிரித்தார்.

நான் ஊர் திரும்பிய இரண்டாம் நாள் தொண்டை சரியாகிவிட்டது. ஒரு வாரத்தில் அவர் படுத்தார். சித்திரை பிறந்த முதல் வாரத்தில் ஜில்லா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அவருக்கு நோயைக் கொடுத்தது நானா? தெரியாது. அந்த விழாவுக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். தெருவெல்லாம் தேர்தல் கூட்டம். யாரிடமிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். நான் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிடுமே என்பதனால்தான் நான் சோதித்துப் பார்த்துக்கொள்ளவில்லை. அவருடைய போஸ்ட் கார்டுகள் என் மேஜை அறையில் இருக்கின்றன. என் மீது எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. அவருடைய மகன், "அப்பாவின் கடைசி ஆசை நிறைவேறிற்று, சார். உங்களை நேரில் பார்த்துவிட்டார்" என்று போனில் சொன்னார். நான் செய்யாத குற்றத்துக்கு ஊர் சிரிக்கிறது. செய்திருக்கக் கூடிய குற்றத்துக்கு ஒரு பிள்ளை எனக்கு நன்றி சொல்கிறான். பலனை வைத்துத் தீர்மானத்தை எடை போடாதீர்கள் என்று நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று இப்போது புரிகிறதா?

மறுநாள் காலை அந்த நண்பரின் மனைவிக்குப் போன் செய்தேன். போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. எல்லாக் காய்ச்சலும் ஒன்றல்ல. கொசுவால் வருவது வேறு, தண்ணீரால் வருவது வேறு, மூச்சுக் காற்றால் வருவது வேறு. கொசுவால் வருவதற்குக் கொசுக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. ஆகவே சில விஷயங்களை விசாரிக்கச் சொன்னேன். அந்தக் காய்ச்சல் எப்படித் தொத்துகிறது? அங்கே உங்களில் ஒருவர் படுத்துவிட்டால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா? திரும்பாமல் பத்து நாள் அங்கேயே ஒதுங்கியிருக்க இடமும் பணமும் உண்டா? திரும்பி வந்தால் உங்கள் வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில் யார் யாரைத் தொடப் போகிறீர்கள்? அவர்களில் முடியாதவர்கள் யார்? இந்த வருஷம் போகாவிட்டால் கெட்டுப்போவது என்ன? சுவாமி அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பார்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியாக ஒன்று கேட்டேன்: "உங்கள் மாமியாரிடம் இந்தக் காய்ச்சல் சமாசாரத்தைச் சொன்னீர்களா?"

"இல்லையே! சொன்னால் பயந்துவிடுவார்களே" என்றார்.

"சொல்லிவிட்டு அவர்களையும் கேளுங்கள். உயிர் அவர்களுடையது."

'போனால் என்ன?' என்று கேட்பதை நான் தவறென்று சொல்லவில்லை. கேட்கத்தான் வேண்டும். ஆனால் நடுவில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்: போனால் யாருக்கு என்ன?